ஆட்டுப்பட்டிக்கு ஒன்று, வீட்டு நாய்க்கு வேறொன்று: இரத்தப் பரிசோதனைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கால்நடை மருத்துவமனையில் "இரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று சொல்லும்போது அந்த ஒரு சொல்லுக்குள் பல பரிசோதனைகள் அடங்கியிருக்கின்றன. இரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களின் பங்கை அளக்கும் பி.சி.வி. ஒன்று. கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கிருமியைத் தேடும் ஸ்மியர் இன்னொன்று. சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று சொட்டுச் சோதனையிலோ கிட்டிலோ எலிசாவிலோ பார்ப்பதும், கிருமியின் மரபணுவையே பி.சி.ஆர். முறையில் பெருக்கிக் கண்டறிவதும் மற்றவை. ஆடு வளர்ப்பவரும் நாய் வளர்ப்பவரும் இவற்றில் எது சிறந்தது என்று கேட்கிறார்கள். பரிசோதனையின் முடிவு கைக்கு வந்த பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. எந்த முடிவு வந்தாலும் நாம் செய்யப்போவது மாறாது என்றால், எத்தனை துல்லியமான பரிசோதனையாக இருந்தாலும் அதற்குச் செலவிடும் பணம் வீண்.

வெள்ளாட்டில் நாம் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் பட்டியைப் பற்றியவை: எந்த ஆட்டுக்கு மருந்து ஊற்றுவது, எதைக் கழிப்பது, சந்தையில் வாங்கியதைப் பழைய ஆடுகளுடன் சேர்க்கலாமா கூடாதா. நாயிலோ, காய்ச்சலோடு தீனி எடுக்காமல் படுத்திருக்கும் ஒரே ஓர் உயிருக்கு இன்றைக்கே என்ன மருந்து கொடுப்பது என்பதே கேள்வி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து, ஆடுகளில் குடற்புழுவால் வரும் இரத்தச்சோகை, ஆடுகளின் கருச்சிதைவு நோயான ப்ரூசெல்லோசிஸ், நாய்களின் உண்ணிக் காய்ச்சல் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு பரிசோதனைகளை ஒப்பிடுகிறேன்.

வெளுத்த கண்ணும் சுழற்றிய இரத்தமும்

மழைக்காலத்திலும் அதை ஒட்டிய வாரங்களிலும் மேய்ச்சல் ஆடுகளை மெலியவைத்துக் கொல்வதில் ஹீமாங்கஸ் என்ற புழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு வாழும் இந்தப் புழு ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்கிறது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் ஓர் ஆட்டின் வயிற்றில் 2,000 புழுக்கள் இருந்தால் நாள்தோறும் 100 மில்லி இரத்தம் போய்க்கொண்டிருக்கும். கண்ணின் உள்ளிமை வெளுப்பதும் கீழ்த்தாடையில் நீர் கோத்து வீங்குவதும் இதன் விளைவுகள்தான்.

இதைக் கண்டறிய மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, தென்னாப்பிரிக்காவில் 1990களில் உருவாக்கப்பட்ட ஃபமாச்சா அட்டை. ஆட்டின் கீழிமையை விரித்து, உள்பக்கச் சவ்வின் நிறத்தை அட்டையில் சிவப்பு முதல் வெண்மை வரை உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். 1, 2 என்றால் மருந்து வேண்டாம். 4, 5 என்றால் உடனே ஊற்ற வேண்டும். வெள்ளாட்டிலும் குட்டிகளிலும் சினை ஆடுகளிலும் 3 என்றாலும் ஊற்றிவிடுவது நல்லது. இரண்டாவது, சுழற்றிப் பார்க்கும் பி.சி.வி. அளவு. மூன்றாவது, சாணப் புழுக்கையில் முட்டைகளை எண்ணும் மெக்மாஸ்டர் முறை. இது இரத்தப் பரிசோதனை இல்லையென்றாலும் மற்ற இரண்டோடும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

துல்லியத்தை மட்டும் கருதினால் பி.சி.வி.தான் மேல். வெள்ளாட்டுக்கு 22 முதல் 38 விழுக்காடு வரை இயல்பு. 15க்குக் கீழே இறங்கிய ஆடு ஆபத்தில் இருக்கிறது. சுழற்றிய நுண்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண்ணுக்கு மேலும் பல செய்திகள் தெரியும். அடியில் சிவப்பணுக்கள், அதற்கு மேல் மெல்லிய வெண்படலம், அதற்கும் மேல் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. புழு இரத்தத்தைக் குடித்ததால் மட்டும் வந்த சோகையில் பிளாஸ்மா தெளிவாக இருக்கும். அது மஞ்சளாக இருந்தால் கல்லீரலையோ சிவப்பணுக்கள் சிதைவதையோ நினைக்க வேண்டும். சிவந்து கலங்கியிருந்தால் சிவப்பணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றனவா, அல்லது இரத்தம் எடுத்த முறையில் கோளாறா என்று ஆராய வேண்டும். எந்த அட்டையும் இதைச் சொல்லாது.

ஆனால் இந்தத் துல்லியத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அது பல ஆய்வகங்களில் கவனிக்கப்படுவதில்லை. வீட்டு விலங்குகளிலேயே மிகச் சிறிய சிவப்பணுக்கள் வெள்ளாட்டுக்குத்தான். நாயின் சிவப்பணு ஏறத்தாழ 7 மைக்ரான் அகலம். வெள்ளாட்டின் சிவப்பணுவோ 3 முதல் 4 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். நாய் இரத்தத்துக்குப் போதுமான 5 நிமிடச் சுழற்சியில் ஆட்டின் அணுக்கள் நெருங்கி அமர்வதில்லை; இடையில் பிளாஸ்மா சிக்கிக்கொண்டு பி.சி.வி. உண்மையைவிட அதிகமாகத் தெரியும், சோகை மறைந்துவிடும். குறைந்தது 10 நிமிடமாவது சுழற்ற வேண்டும். தானியங்கிக் கருவிகளிலும் இதே சிக்கல் உண்டு. மனித இரத்தத்துக்கு அமைத்த கருவியில் ஆட்டு இரத்தத்தைச் செலுத்தினால் சிவப்பணுக்களை அது, இரத்தம் உறைய உதவும் சின்னஞ்சிறு தட்டணுக்களாக எண்ணிவிடக்கூடும். ஆகவே ஆட்டின் இரத்தத்தை மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய அச்சிட்ட தாளைவிட, கால்நடை ஆய்வகத்தில் கையால் சுழற்றி அளந்த ஓர் எண்ணையே நான் நம்புவேன்.

இத்தனைக்குப் பிறகும், முடிவெடுப்பதற்கான கருவி என்ற வகையில் பட்டிக்கு நான் பரிந்துரைப்பது அட்டையைத்தான். காரணம், நூறு ஆடுகளின் கழுத்து நரம்பிலும் ஊசி போட்டு இரத்தம் எடுத்து முடிவு வருவதற்குள் புழு தன் வேலையை முடித்திருக்கும். அட்டையோடு ஒருவர் ஒரு காலைப் பொழுதில் பட்டி முழுவதையும் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பவும் பார்க்கலாம். இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும் வழக்கத்தால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற புழுக்கள் தமிழ்நாட்டு ஆடுகளிலும் பதிவாகியுள்ளன. தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் ஊற்றினால், மருந்து படாத புழுக்களின் சந்ததி மேய்ச்சல் நிலத்தில் கலந்து நிற்கும். எதிர்ப்பாற்றல் பரவுவது தாமதப்படும்.

அட்டைக்கும் எல்லை உண்டு. தூசியாலும் கண்ணோயாலும் சிவந்த கண் நலமான கண்ணாகத் தோன்றும். வெளுப்பு இருக்கிறது என்று அட்டை சொல்லுமே தவிர எதனால் என்று சொல்லாது. கல்லீரல் தட்டைப்புழு, உண்ணி, அனாப்ளாஸ்மா என்ற இரத்தக் கிருமி, வெறும் தீவனக் குறைவு எல்லாமே கண்ணை வெளுக்கச் செய்யும். இங்கேதான் பி.சி.வி.யும் ஸ்மியரும் முட்டை எண்ணிக்கையும் வந்து சேர வேண்டும். மருந்து ஊற்றியும் கண் சிவக்காத ஆடுகளில் ஐந்தாறைத் தேர்ந்து அவற்றின் இரத்தத்தையும் புழுக்கையையும் அனுப்பினால், அந்தச் செலவுக்குத் தக்க விடை கிடைக்கும். மருந்து ஊற்றும் நாளிலும் இரண்டு வாரம் கழித்தும் முட்டைகளை எண்ணிப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கருச்சிதைவு நோயும் நான்கு நிமிடமும்

ஆட்டின் இரத்தத்தைச் சோதித்துப் பெருவாரி நோய் ஒன்றின் மூலத்தைக் கண்டுபிடித்த வரலாறு மால்ட்டா தீவில் நடந்தது. அங்கே பிரிட்டிஷ் படையினரை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887இல் பிரித்தெடுத்திருந்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. 1905இல் அந்நாட்டு மருத்துவர் தெமிஸ்டொக்ளிஸ் சம்மிட், நோயின் அறிகுறி எதுவும் இல்லாத ஆடுகளின் சீரம் அந்தக் கிருமியைத் திரளச் செய்வதைக் கண்டார். நலமாகத் தெரிந்த ஆடுகளே பாலின் வழியே நோயைப் பரப்பிக்கொண்டிருந்தன. படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது. இன்று கிராமத்தில் செய்யும் ரோஸ் பெங்கால் சோதனை அதே திரளல் முறையின் வழித்தோன்றல்தான்.

ஒரு சொட்டுச் சீரமும் இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கொன்ற ப்ரூசெல்லா கிருமிகளான ஆன்டிஜென் ஒரு சொட்டும் வெள்ளைத் தகட்டில் கலக்கப்படுகின்றன. தகட்டை மெல்ல அசைத்துக்கொண்டே நான்கு நிமிடம் பார்க்க வேண்டும். கலவை வழவழவென்று இருந்தால் இல்லை என்று பொருள். தயிர் திரிந்ததுபோல் இளஞ்சிவப்புத் துகள்கள் திரண்டால் உண்டு என்று பொருள். சீரமும் ஆன்டிஜெனும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கலக்க வேண்டும். நான்கு நிமிடத்தைத் தாண்டிப் பார்த்தால் உலர்ந்த விளிம்பும் திரளாகத் தோன்றும். ஆடுகளுக்கென ஒரு நுட்பமும் இருக்கிறது: மாட்டுக்குச் செய்வதுபோல் சமப் பங்கில் கலக்காமல் மூன்று பங்கு சீரத்துக்கு ஒரு பங்கு ஆன்டிஜென் என்று கலந்தால், தவறவிடும் ஆடுகளின் எண்ணிக்கை குறைகிறது.

இதற்கு மாற்றாக நிற்பவை எலிசாவும் பி.சி.ஆரும். எலிசாவில் ஒரே தகட்டின் 96 குழிகளில் பல சீரங்களை ஒருசேரப் பார்க்கலாம். கண்ணால் பார்ப்பதற்குப் பதில் கருவி எண்ணாகத் தருவதால் பார்ப்பவரைப் பொறுத்து முடிவு மாறுவதில்லை. பெங்களூருவில் உள்ள நிவேடி என்ற கால்நடை நோய் ஆய்வு நிறுவனம் இந்நோய்க்கான எலிசா கிட்டுகளை உருவாக்கியிருக்கிறது. பி.சி.ஆர். என்றதும் அதுதான் உயர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் ப்ரூசெல்லா கிருமி இரத்தத்தில் தொடர்ந்து இருப்பதில்லை. நிணநீர்க் கணுக்களிலும் மடியிலும் கருப்பையிலும் பதுங்கிக்கொண்டு விட்டுவிட்டே இரத்தத்தில் வருகிறது. ஆகவே ஆட்டின் இரத்தத்தில் பி.சி.ஆர். இல்லை என்று சொன்னால் அதை நம்ப முடியாது. கருச்சிதைவான குட்டி, நஞ்சுக்கொடி, பால் ஆகியவற்றில் அது மிகப் பயனுள்ளது. இரத்தத்தில் ஆன்டிபாடிச் சோதனைகளே மேல்.

இந்தியாவில் ப்ரூசெல்லா தடுப்பூசி மாட்டினத்தின் 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கே போடப்படுகிறது. ஆட்டில் காணும் ஆன்டிபாடி தடுப்பூசியால் வந்ததோ என்ற குழப்பம் ஆகையால் இங்கே எழுவதில்லை. இது ஆட்டுக்காரருக்குப் பெரிய வசதி. அதே வேளையில் யெர்சினியா என்ற வேறொரு கிருமியும் இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடும். இதன் விளைவைக் கணக்கில் பார்ப்போம். நூறு ஆடுகளில் உண்மையில் இரண்டுக்கே நோய் என்றும், நலமானவற்றில் நூற்றுக்கு ஐந்தைத் தவறாக நோயுள்ளதாகக் காட்டும் ஒரு சோதனையைச் செய்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஏழு ஆடுகள் உண்டு என்று வரும். அவற்றில் ஐந்து நலமானவை. அந்த ஏழையும் கழிப்பது ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டு வருமானத்தையே இழப்பதாகும். எனவே முதலில் ரோஸ் பெங்கால், அதில் திரண்டவற்றுக்கு மட்டும் எலிசா என்ற இரண்டு கட்ட முறையே முறையானது. தொடக்கத்திலேயே எல்லா ஆடுகளுக்கும் எலிசா செய்வது பெரிய பண்ணைக்குச் சரி; இருபது ஆடு வைத்திருப்பவருக்குத் தேவையில்லை.

பட்டிக்குள் நோய் நுழைந்திருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எல்லா ஆடுகளையும் சோதிக்க வேண்டியதில்லை. நூறு ஆடுகள் கொண்ட பட்டியில் பத்து விழுக்காட்டுக்கு நோய் பரவியிருந்தால், சோதனை தவறவிடாது என்று கொண்டு, குலுக்கல் முறையில் 25 ஆடுகளைச் சோதித்தால் அவற்றில் ஒன்றாவது அகப்படுவதற்கான வாய்ப்பு 95 விழுக்காடு. கருவீசிய ஆடுகளை இந்த 25க்கு வெளியே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக்கொல்லி நோயைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் அது முதன்முதலில் 1987இல் விழுப்புரம் அருகே அரசூரில் கண்டறியப்பட்டது. அதற்கான தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்றாண்டுக்கு மேல் காக்கிறது. ஆனால் தடுப்பூசியால் வந்த ஆன்டிபாடியையும் நோயால் வந்ததையும் வழக்கமான சோதனைகளால் பிரித்தறிய முடியாது. ஆகவே தடுப்பூசி போட்ட பட்டியில் நோயா என்று அறிய இரத்தத்தைவிட மூக்குச் சளியின் மாதிரியே உதவும். தடுப்பூசி பலித்ததா என்று அறிய இரத்தமே போதும்.

நாய்க்கு: கிட்டா, ஸ்மியரா, பி.சி.ஆரா?

நாய்களின் உண்ணிக் காய்ச்சல் ஆய்வில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. பபேசியா கிப்சோனி என்று இன்று அறியப்படும் இரத்த ஒட்டுண்ணியை மதராஸ் வேட்டைக் கழகத்தின் நாய்களின் இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டு 1910இல் விவரித்தவர் பேட்டன். எர்லிக்கியா கேனிஸ் கிருமி 1935இல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. பழுப்பு உண்ணி ஆண்டு முழுவதும் வாழும் வெப்ப ஊர்களில் இவ்விரண்டும் இன்றைக்கும் அன்றாட நோய்கள்.

கிளினிக்கில் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் கிட்டுகள் பெரும்பாலும் எர்லிக்கியாவின் ஆன்டிபாடியைத்தான் காட்டுகின்றன. உண்ணி கடித்துக் கிருமி ஏறிய பிறகு ஆன்டிபாடி தோன்ற 7 முதல் 21 நாள் வரை ஆகலாம். காய்ச்சலின் தொடக்கத்தில் கிட் இல்லை என்று காட்டுவதற்கு இதுவே காரணம். மறுபுறம், நோய் தீர்ந்த நாயிலும் ஆன்டிபாடி பல மாதம், சில வேளை ஆண்டுக்கணக்கில் தங்கும். ஆண்டு முழுதும் உண்ணி இருக்கும் ஊரில் கிட்டில் கோடு விழுந்தால் இந்த நாய் எப்போதோ கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதே உறுதி. இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டின் ப்ரூசெல்லாவில் ஆன்டிபாடிக்கு நாம் கொடுத்த முதலிடத்தை இங்கே கொடுக்க முடியாமல்போவது இதனால்தான். அங்கே ஒருமுறை ஏறிய கிருமி பெரும்பாலும் விலகுவதில்லை, மருந்து கொடுத்துக் குணப்படுத்துவதும் வழக்கமில்லை. இங்கே மருந்து உண்டு, குணமும் உண்டு.

ஸ்மியர் மலிவானது, உடனே பார்க்கத்தக்கது. ஆனால் எர்லிக்கியாவைப் பொறுத்தவரை ஏமாற்றம் தருவது. வெள்ளணுக்களுக்குள் கிருமிகள் மல்பெரிப் பழம்போல் கூடி நிற்கும் உருவம், நோயின் தொடக்க நிலையிலும் நூறு நாய்களில் நான்கைந்தில்தான் அகப்படுகிறது. ஆனாலும் ஸ்மியரை நான் முதலில் வைக்கிறேன். காதோர நுண்குழாயில் எடுத்த ஒரு துளியில் பபேசியாவும் ஹெபட்டோசூன் என்ற இன்னோர் ஒட்டுண்ணியும் தெரியக்கூடும். அவற்றோடு, தட்டணுக்களை அங்கேயே மதிப்பிடலாம்: எண்ணெய் லென்சில் பத்து பார்வைப் பரப்புகளில் எண்ணிச் சராசரி கண்டு 15,000ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்ற தோராயம் கிடைக்கும். இயல்பு 2 லட்சத்துக்குக் குறையாது. கருவி தட்டணு குறைவு என்று காட்டியபோதும், ஸ்மியரின் விளிம்பில் தட்டணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடப்பதைக் கண்டால் அது பொய்க் குறைவு என்பது தெரிந்துவிடும்.

பபேசியாவில் ஸ்மியர் சொல்லும் செய்தி நேரடியாக மருந்தையே மாற்றிவிடும். சிவப்பணுவுக்குள் பெரிய, பேரிக்காய் வடிவ இணைகள் தெரிந்தால் அது பெரிய வகை. இமிடோகார்ப் ஊசி கேட்கும். சின்னஞ்சிறு மோதிர வடிவங்கள் தெரிந்தால் கிப்சோனி. இமிடோகார்ப் அதை ஒழிப்பதில்லை. அட்டோவாகோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள் கொடுப்பதே அதற்கு நன்கு ஆராயப்பட்ட முறை. நாள்பட்ட கிப்சோனியில் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவாக இருப்பதால் ஸ்மியர் தவறவிடும், அங்கே பி.சி.ஆர். ஒன்றே நம்பத்தக்கது.

ஆகவே நாய்க்கு நான் சொல்லும் வரிசை இது: முதல் நாளே ஸ்மியரும் முழு இரத்த எண்ணிக்கையும், தட்டணு குறைந்து ஸ்மியரில் எதுவும் தெரியாவிட்டால் பி.சி.ஆர்.; பி.சி.ஆர். வசதி எட்டாத ஊரில், இதற்குமுன் உண்ணித் தொல்லை இல்லாத இளம் நாய்க்குக் கிட். எர்லிக்கியா என்று ஐயம் வலுவாக இருந்தால் பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினைத் தொடங்கலாம். ஆனால் இரத்தத்தை முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். மருந்து ஏறியபின் எடுத்த இரத்தத்தில் கிருமியின் மரபணு அகப்படாமல் போகலாம். அந்த மருந்து வழக்கமாக 28 நாள் தொடர வேண்டியது. அதை நடுவில் நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்க அப்போது ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

ஆட்டுக்குச் செய்யும் ரோஸ் பெங்காலை நாயின் ப்ரூசெல்லாவுக்குச் செய்யலாமா என்று நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் கேட்பதுண்டு. நாய்க்கே உரிய ப்ரூசெல்லா கேனிஸின் மேற்புற அமைப்பு வேறு வகையானது. ரோஸ் பெங்கால் ஆன்டிஜென் அதைப் பிடிக்காது. அதற்கென்று தனி ஆன்டிஜென் கொண்ட சோதனையே வேண்டும்.

எந்தப் பரிசோதனையானாலும் மாதிரி கெட்டால் விடையும் கெடும். அணுக்களையும் பி.சி.ஆரையும் பார்க்க ஊதா மூடியுள்ள ஈ.டி.டி.ஏ. குழாய், ஆன்டிபாடிக்கு உறைய விட்டுச் சீரம் பிரித்தெடுக்கும் சிவப்பு மூடிக் குழாய். ஊதாக் குழாயை எடுத்தவுடன் எட்டுப் பத்துமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. ஸ்மியரை அங்கேயே தடவி, உலர்த்தி, மெத்தனாலில் நனைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மறுநாள் ஆய்வகத்தில் தடவிய ஸ்மியரில் அணுக்கள் சிதைந்து, இல்லாத ஒட்டுண்ணி இருப்பதுபோலத் தெரியும்.

மறுசோதனைக்கும் தனித்தனிக் காலக்கணக்கு உண்டு. எர்லிக்கியாவுக்கு மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பி.சி.ஆர்., அது இல்லை என்று வந்தால் இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. கிட்டைத் திரும்பச் செய்வதால் பயனில்லை, அதில் கோடு எப்படியும் விழும். சந்தையில் வாங்கிய ஆட்டைப் பழைய ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டி வைத்து ரோஸ் பெங்கால் செய்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் செய்து, இரண்டிலும் திரளாவிட்டால் மட்டுமே பட்டிக்குள் விட வேண்டும். அது சினையாக இருந்தால் குட்டி ஈன்ற பிறகும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்; கிருமி உடலில் இருந்தும் ஆன்டிபாடி தென்படாமலிருந்த ஆடு ஈற்றுக்குப் பின் வெளிப்படுவது உண்டு.